தபாலில் வருமா ஆசிரியப் பயிற்சி?

சென்ற ஜூலை மாதத்தில் ஒருநாள் மதிய இடைவேளையின்போது, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆசிரியைகள் அறை வாசலில் வந்து தயங்கி நின்றாள். அவளுடைய அக்கா பட்டப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாளாம். கைபேசியில் ஒரு விளம்பரம் வந்ததாம். வீட்டில் இருந்தபடியே 120 மணி நேரம் படித்துச் சான்றிதழ் பெற்றால், உலகத்தில் எந்த நாட்டிலும் ஆங்கில ஆசிரியையாகப் போகலாமாம். “உண்மையா டீச்சர்? பணம் கட்டலாமான்னு அப்பா உங்ககிட்டக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க” என்றாள்.

அரை நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அதே பாதையில் முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்து வந்தவள் நான். ‘ஆம்’ என்று சொன்னாலும் பாதிப் பொய். ‘இல்லை’ என்று சொன்னாலும் பாதிப் பொய். “இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். விவரமாக ஆண்டு மலரில் எழுதுகிறேன், அப்பாவைப் படிக்கச் சொல்” என்றேன். ஆகவே இக்கட்டுரை முதலில் அந்தத் தகப்பனாருக்கு. பிறகு மற்ற எல்லோருக்கும்.

ஆங்கிலம் தெரிந்தவர் எவரும் ஆங்கிலம் கற்பிக்கலாம் என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட எண்ணம். அது எவ்வளவு சரி என்று நம் தாய்மொழியை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்து தமிழ் கற்கும் அருட்சகோதரி ஒருவர், “‘வீட்டுக்குப் போனேன்’ என்பதில் அந்த ‘ப்’ எங்கிருந்து வந்தது? ‘வீட்டில் போனேன்’ என்றால் ஏன் தவறு?” என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம்மில் எத்தனை பேர் தடுமாறாமல் விடை சொல்வோம்? பேசத் தெரிவது ஒன்று. பிறருக்குப் பேச வரவழைப்பது வேறொன்று. இந்த இரண்டாவதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

அதிலும் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. வீட்டில் கேட்பது தமிழ். ஆங்கிலம் பாடநூலிலும் அலுவலகத்திலும் கடைப் பலகையிலும் கிடைப்பது. தமிழ் பழகிய நாவும் காதும் ஆங்கிலத்தைத் தமிழின் அச்சில் வார்த்துக்கொள்ளும். பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும், பெரியது என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டும் ‘பிக்’ என்றுதான் வரும்! இதில் பிள்ளையின் குற்றம் ஒன்றுமில்லை. நம் எழுத்தில் ஒரே ‘ப’ இரண்டு ஒலிகளுக்கும் நிற்கிறது. ஆங்கிலத்திலோ அவ்விரண்டும் வெவ்வேறு பொருள் தரும் ஒலிகள். வாக்கிய அமைப்பிலும் இப்படியே. ‘ராணி மாம்பழம் தின்றாள்’ என்று நாம் வினையைக் கடைசியில் வைக்கிறோம். ஆங்கிலேயர் அதை நடுவில் வைக்கிறார்கள். பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பவர்தான் இரண்டாம் மொழி ஆசிரியர். ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கும் இது தானாக வந்துவிடாது. ஷேக்ஸ்பியர் படித்தவர் ஆறாம் வகுப்பில் திணறுவதைக் கண்டிருக்கிறேன்.

அசை அழுத்தம் என்று ஒன்று உண்டு. ‘ரெக்கார்டு’ என்ற சொல்லில் முதல் அசையை அழுத்தினால் பெயர்ச்சொல். இரண்டாம் அசையை அழுத்தினால் வினைச்சொல். தமிழில் அழுத்தம் இப்படிப் பொருளை மாற்றுவதில்லையாதலால் நாம் எல்லா அசைகளையும் சரிசமமாக ஒப்பித்துவிடுவோம். ஹைதராபாத்திலிருந்த மத்திய ஆங்கில நிறுவனத்தின் பேராசிரியர் ஆர். கே. பன்சல், இந்தியர் பேசும் ஆங்கிலம் ஆங்கிலேயர் காதுக்கு எவ்வளவு விளங்குகிறது என்று ஆராய்ந்து 1969-ல் வெளியிட்டார். சராசரியாக ஏறத்தாழ 70 விழுக்காடு விளங்கியதாம். விளங்காமற் போனதன் முக்கிய காரணங்களுள் ஒன்று இந்த அழுத்தப் பிழை. நாம் அஞ்சி அஞ்சித் திருத்துகிற இலக்கணப் பிழையை விட, கவனியாமல் விடுகிற இது பெரிய தடையாக இருக்கிறது.

சரி, இவற்றை ஆசிரியர்களுக்கு யார் சொல்லித் தருவது? அதுவும் ஆயிரக்கணக்கான கிராமப் பள்ளிகளில் சிதறிக் கிடக்கும் ஆசிரியர்களுக்கு? நம் மாநிலம் இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் துணிச்சலான விடை கண்டது. அது இன்று பலருக்கும் தெரியாது.

1959-ல், அன்றைய சென்னை மாநில அரசும் பிரிட்டிஷ் கவுன்சிலும் சேர்ந்து, தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தர முனைந்தன. வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகப் பழக்கும் முறை அப்போது புதிது. 27,000 பேரைச் சென்னைக்கு அழைக்க முடியுமா? முதலில் சிலருக்குப் பயிற்சி தந்தார்கள். அவர்கள் தத்தம் ஊர்ப்பக்கம் திரும்பிப் பலருக்குப் பயிற்சி தந்தார்கள். அந்தப் பலர் இன்னும் பலருக்கு. மலைச்சரிவில் உருளும் பனி உருண்டை உருள உருளப் பெருப்பதுபோல் என்று எண்ணி, ‘மதராஸ் ஸ்னோபால்’ என்று இதற்குப் பெயர் வந்தது. பனியையே காணாத மாநிலத்துக்கு இப்படியொரு பெயர்! நம் புதுக்கோட்டைச் சீமையில் வைத்திருந்தால் களிமண் உருண்டை என்றுதான் பெயர் வைத்திருப்போம். அப்போது புதுக்கோட்டை தனி மாவட்டமன்று. 1948-ல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது முதல் 1974 ஜனவரியில் தனி மாவட்டமாகும் வரை திருச்சி மாவட்டத்தோடு இருந்தது.

இதே உருண்டை உத்தியை நம் மாவட்டம் பின்னொரு முறை கண்டது. 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது, ஒருவர் பலருக்கும், பலர் இன்னும் பலருக்குமாகத்தான் தொண்டர்கள் பயிற்சி பெற்றார்கள். உங்கள் பாட்டிமாரில் பலர் கையெழுத்துப் போடவும் சைக்கிள் விடவும் கற்றது அந்தக் காலத்தில்தான். எழுத்தறிவுக்கு அந்த உத்தி பொருந்தியது. ஏனெனில் ‘அ’ என்ற எழுத்து எத்தனை கை மாறினாலும் ‘அ’ தான். ஆங்கில உச்சரிப்பு அப்படியன்று. ஒருவர் காதில் கேட்டதை அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அதற்கடுத்தவருக்குச் சொல்ல, மூன்றாம் கை மாறும்போது பாலில் பாதி தண்ணீராகிவிடும். உருண்டை பெருத்தது உண்மை. இளகியதும் உண்மை என்பது என் எண்ணம்.

அஞ்சல்வழிப் பயிற்சியின் பெருமை இங்கேதான் இருக்கிறது. ஹைதராபாத்தில் எழுதிய பாடம் ஆலங்குடிக்கோ ஆவுடையார்கோயிலுக்கோ ஓர் எழுத்தும் குறையாமல் வந்து சேரும். இடைக்கை கிடையாது.

தபாலில் படிப்பது பழைய வழக்கம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் அன்னா டிக்னர் என்ற பெண்மணி 1873-ல், வீட்டை விட்டு வெளியே சென்று படிக்க இயலாத பெண்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். பெண்கள் கடிதம் எழுதிப் பெண்களுக்குக் கற்பித்தார்கள். நம் நாட்டில் டில்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரை 1971-லும், அண்ணாமலை 1979-லும், சென்னை 1981-லும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. ஆங்கிலம் கற்பித்தலுக்கென்றே 1958-ல் ஹைதராபாத்தில் ஏற்பட்ட மத்திய ஆங்கில நிறுவனம், 1972-ல் பிறமொழிகளையும் சேர்த்துக்கொண்டு பெயர் மாறி, 2007-ல் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பணியிலுள்ள ஆசிரியர்கள் ஊரை விட்டு நகராமல் படிக்கும்படி அஞ்சல்வழியிலும் அது பாடங்களை நடத்தியிருக்கிறது. 1985-ல் ஏற்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் ஆங்கிலம் கற்பித்தலுக்கு ஒரு சான்றிதழ்ப் படிப்பை வகுத்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் படித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்பள்ளிக்கு வருமுன், 1990-களின் தொடக்கத்தில், ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராம நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தேன். மூன்று வகுப்புகளுக்கு ஆங்கிலம் நான் ஒருத்திதான். நானும் தமிழ்வழியில் படித்தவள். ஒரு வருடம் தாக்குப் பிடித்தபின் அஞ்சல்வழிப் பயிற்சிக்கு மனுப் போட்டேன். தபால்காரர் சைக்கிளைப் பள்ளி வேப்பமரத்தில் சாத்திவிட்டு, “டீச்சரம்மா, புஸ்தகக் கட்டு வந்திருக்கு” என்று குரல் கொடுப்பார். பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்ப்பார்கள். டீச்சருக்கும் பாடம் வருகிறது, டீச்சரும் வீட்டுப் பாடம் எழுதுகிறார் என்பதில் அவர்களுக்கு அப்படியொரு மகிழ்ச்சி!

கட்டில் வந்தவை ஒலியியல், இலக்கணம், கற்பிக்கும் முறைகள், பாடக் கருவிகள், தேர்வு வினா அமைத்தல் முதலியன. ஒவ்வொரு பாடத்தொகுதிக்கும் ஓர் ஒப்படைப்பு எழுதி அனுப்ப வேண்டும். அது திருத்தப்பட்டுத் திரும்பி வரும். ஓரங்களில் பேனாவால் குறிப்புகள் இருக்கும். முகம் தெரியாத ஒருவர் என் தாளை வரி வரியாகப் படித்து எனக்கென்றே எழுதியவை அவை. கல்லூரியில் அறுபது பேர் வகுப்பில் எனக்கு அது கிடைத்ததில்லை. ஒரே குறை, இரண்டு மூன்று முறை திருத்திய தாள் ஏழெட்டு வாரம் கழித்து வந்தது. அதற்குள் நான் என்ன எழுதினேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

பணியில் இருப்பவர்க்கு இப்படிப் படிப்பதில் ஒரு தனி வசதி உண்டு. கல்லூரி விடுதியில் இருந்து படிப்பவர் கற்ற முறையைச் சோதிக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்கோ இராத்திரி விளக்கொளியில் படித்தது மறுநாள் இரண்டாம் பீரியடில் பலிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். எடுத்துக்காட்டாக ஒன்று சொல்கிறேன். என். எஸ். பிரபு என்ற அறிஞர் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் சில பள்ளி வகுப்புகளில் ஒரு பரிசோதனை நடத்தினார். இலக்கண விதியைச் சொல்லிப் பழக்குவதை விட, பிள்ளைகள் மனத்தைச் செலுத்திச் செய்து முடிக்க வேண்டிய ஒரு காரியத்தைக் கொடுத்து, அதை ஆங்கிலத்தில் நடத்தினால் மொழி தானே படியும் என்பது அவர் கருத்து. ரயில் கால அட்டவணையைக் கொடுத்துக் கேள்வி கேட்பது அவர் கையாண்ட காரியங்களில் ஒன்று.

எங்கள் கிராமத்துக்கு ரயில் ஏது? நான் பஸ் நேரங்களைக் கரும்பலகையில் எழுதினேன். ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு இன்ன இன்ன நேரம். அங்கிருந்து திருச்சிக்கு இன்ன இன்ன நேரம். “பாட்டியைப் பகல் பன்னிரண்டு மணிக்குள் திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். எந்த பஸ்ஸைப் பிடிப்பாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒரு நிமிடம் மௌனம். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பையன், அதுவரை வகுப்பில் வாய் திறவாதவன், எட்டேகால் பஸ் வேண்டாம், அது எல்லா ஊரிலும் நிற்கும், ஏழரைதான் சரி என்று ஆங்கிலமும் தமிழுமாகக் கலந்து கத்தினான். இன்னொருத்தி மறுத்தாள். சண்டை மூண்டது. அந்தச் சண்டையில் ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ என்ற இரண்டு சொற்களும் தம் இடம் தவறாமல் வந்து விழுந்தன. அதற்கு முன் அவற்றை நான் மூன்று நாள் பாடமாக நடத்தியும் வராதவை அவை.

அஞ்சல்வழிப் பயிற்சி நல்லதுதான் என்று இவ்வளவு தூரம் சொன்னேன். தபாலில் வராதவை இரண்டு உண்டு.

முதலாவது, காது. பாடத்தோடு ஒலிநாடாக்கள் வந்தன. டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கி, பாட்டரி தீரும் வரை கேட்டேன். நாடாவில் ஒரு குரல் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, நாம் திருப்பிச் சொல்வதற்காகச் சற்று நிறுத்தும். நானும் சொல்வேன். நான் சொன்னது சரியா தவறா என்று அந்த நாடா ஒருநாளும் சொன்னதில்லை. பயிற்சியின் நடுவே சில நாள் நேர்முக வகுப்புக்குப் போனபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. முதல் நாளே அங்கிருந்த அம்மையார் என்னை இரண்டு சொற்களைச் சொல்லச் சொன்னார். ஒன்று ஈரத்தைக் குறிப்பது. மற்றது மாட்டு வைத்தியரைக் குறிப்பது. நான் இரண்டையும் ‘வெட்’ என்றே சொன்னேன். ஒன்றுக்கு உதடு குவிய வேண்டும். மற்றதற்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும் என்று என் எதிரே நின்று வாயைக் காட்டினார். ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. இரண்டாண்டாக என்னிடம் படித்த பிள்ளைகளை அன்றிரவு நினைத்துப் பார்த்தேன். அத்தனை பேருக்கும் என் தவற்றையல்லவா பாடமாகக் கொடுத்திருக்கிறேன்!

இரண்டாவது, கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனிக்கும் ஒரு கண். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளர் வந்து பின்னால் அமர்ந்து, நாம் பாடம் நடத்துவதைக் குறித்துக்கொள்வார். அஞ்சல்வழியில் அவர் இல்லை. ஓர் ஒப்படைப்பில், ‘உங்கள் வகுப்பில் யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்து எழுதுக’ என்று கேட்டிருந்தார்கள். நானே பாடம் நடத்திக்கொண்டு நானே எப்படிக் கணக்கெடுப்பது? எட்டாம் வகுப்பில் சூட்டிகையான ஒரு பெண்ணிடம் என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து, கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். நான் பேசிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு கோடு. ஒரு பிள்ளை ‘எஸ் டீச்சர்’ என்பதற்கு மேல் ஆங்கிலத்தில் ஏதாவது சொன்னால் ஒரு வட்டம். நாற்பது நிமிடப் பாடம். அவள் கொண்டுவந்த நோட்டில் முப்பத்தாறு கோடுகள். நான்கு வட்டங்கள், அதிலும் மூன்று ஒரே பையனுடையவை. அன்றைய பாடத்தின் தலைப்பு, வேடிக்கையைப் பாருங்கள், ‘உரையாடல்’.

புத்தகத்தில் ‘ஆசிரியர் குறைத்துப் பேசுக’ என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். தலையை ஆட்டி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அந்தக் குழந்தையின் நோட்டைக் கண்டபின்தான் உறைத்தது.

இப்போது அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு வரலாம். ஐயா, இந்தியாவில் பள்ளி ஆசிரியை ஆவதற்கு பி.எட். போன்ற அங்கீகாரம் பெற்ற ஆசிரியப் படிப்பு வேண்டும். ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ் அதற்கு மேலே உதவும். அதற்குப் பதிலாக உதவாது. ஒரு காலத்தில் பி.எட். படிப்பையே தபாலில் பலரும் முடித்தார்கள். 1993-ன் சட்டப்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழு ஏற்பட்டபின், தொலைநிலை பி.எட். ஏற்கெனவே ஆசிரியப் பணியில் உள்ளவர்களுக்கென்று ஒதுங்கிவிட்டது. காரணம் மேலே சொன்னதுதான். வகுப்பறை கையில் இருப்பவர்க்கு அஞ்சல்வழி பொருந்தும். இல்லாதவர்க்குப் பாதிதான் பொருந்தும். எந்தத் தொலைநிலைப் படிப்பானாலும், அந்த ஆண்டுக்கு அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உள்ளதா என்று பார்த்த பின்பே பணம் கட்டுவது நல்லது. அங்கீகாரம் ஒருமுறை கிடைத்தால் என்றென்றைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

வெளிநாட்டுச் சான்றிதழ் என்றால், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ‘செல்டா’ என்ற பயிற்சியை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அதிலும் ஏறத்தாழ 120 மணி நேரம் உண்டு. விளம்பரங்களில் வரும் 120 இதைப் பார்த்து வந்ததோ என்னவோ! ஆனால் செல்டாவில் உண்மையான மாணவர்களுக்கு 6 மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பயிற்சியாளர் உட்கார்ந்து கவனிப்பார். 2020-ல் நோய்த்தொற்றுக் காலத்திலிருந்து அதை முழுவதும் கணினித் திரை வழியாகவே முடிக்கவும் இடம் தந்தார்கள். அப்போதும் அந்த 6 மணி நேரத்தை எடுத்துவிடவில்லை. ஆகவே உங்கள் விளம்பரக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “என் மகள் எத்தனை மணி நேரம் பாடம் நடத்துவாள், அதை யார் பார்ப்பார்?” பதில் வராவிட்டால் நீங்கள் வாங்கப்போவது காகிதம்.

இக்காலத்துப் பிள்ளைகளுக்கு என் காலத்து இடர் பாதி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தன் குரலைத் தானே கைபேசியில் பதிந்து கேட்கலாம். எங்கோ இருக்கும் பயிற்சியாளர் திரையில் உதட்டைக் காட்டலாம். தபாலில் வராமலிருந்த காது இப்போது வந்துவிட்டது. கடைசி பெஞ்சுக் கண்ணை மட்டும் நாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த மாணவியின் அக்கா இதுவரை எதற்கும் பணம் கட்டவில்லை. செப்டம்பர் முதல் சனிக்கிழமைகளில் பங்குக் கோயில் வளாகத்து மரத்தடியில் ஏழெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆங்கிலம் சொல்லித் தருகிறாள். வரும் ஆண்டு பி.எட். சேர உத்தேசம். தங்கை பின்னால் நோட்டுடன் உட்கார்ந்து கோடும் வட்டமும் போடுகிறாள். சென்ற வாரம் அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். முப்பது நிமிடத்தில் பதினேழு கோடுகள், பதினொரு வட்டங்கள். “அக்காவுக்கு இன்னும் வாய் ஜாஸ்தி டீச்சர்” என்றாள்.